கிரேக்கத்தோட மூணாவது டிக்ளென்ஷன் ஏன் தாறுமாறா தெரியுது?

பழைய கிரேக்கம் படிக்க ஆரம்பிக்கிறவங்க, அது பிளேட்டோவைப் படிக்கணும்னு வர்றவங்களா இருந்தாலும் சரி, இறையியல் கல்லூரில புதிய ஏற்பாட்டு கிரேக்கம் படிக்கிறவங்களா இருந்தாலும் சரி, எல்லாரும் ஒரே இடத்துல தான் திணறுவாங்க. முதல் டிக்ளென்ஷன் பிரச்சனை இல்லாம போயிடும், ரெண்டாவதும் அப்படியே போயிடும், மூணாவது வந்த உடனே "இதுக்கு விதியே கிடையாது, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும்"னு யாராவது சொல்லிடுவாங்க, அதைக் கேட்டுட்டு பாதிப் பேர் அங்கேயே விட்டுடுவாங்க.

டிக்ளென்ஷன்னா பெயர்ச்சொற்களை அதுங்க வேற்றுமை உருபு ஏத்துக்கிற விதத்தை வச்சுப் பிரிச்ச ஒரு கூட்டம், அவ்வளவு தான். கிரேக்கத்துல அப்படி மூணு கூட்டம் இருக்கு. மூணாவது கூட்டத்துக்கு ஒழுங்கே கிடையாதுங்கிற பேச்சு தப்புன்னு நான் உறுதியா நினைக்கிறேன். அந்தக் கூட்டத்தோட உருபுகள் ரொம்பவே ஒழுங்கானவை, ஒரே ஒரு செட் தான் இருக்கு. மாறுறது சொல்லோட ஒலி, அதுவும் உருபு வந்து ஒட்டுற அந்த இடத்துல மட்டும். ஏன் மாறுதுன்னு தெரிஞ்சுட்டா மனப்பாடம் பண்ற வேலை பாதிக்கு மேல குறைஞ்சிடும்.

படிக்கிறதுக்கு முன்னாடி எழுத்து பத்தி ஒரு வார்த்தை

கிரேக்கச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதுறேன், அதுல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. கிரேக்கத்துல எ-வும் ஏ-வும் வேற வேற எழுத்து, ஒ-வும் ஓ-வும் வேற வேற எழுத்து, எப்சிலான், ஈட்டா, ஓமிக்ரான், ஓமேகான்னு நாலு தனி எழுத்து. ஆங்கில எழுத்துல இந்த வித்தியாசம் நேரடியா தெரியாது, தமிழ்ல பளிச்சுன்னு தெரியும். இந்தக் கட்டுரைல குறில் நெடிலை கவனமா பாருங்க, பாதி விஷயம் அதுல தான் இருக்கு.

ஒரு குறையும் இருக்கு. க, ட, ப இதெல்லாம் அழுத்திச் சொல்லணுமா மெதுவா சொல்லணுமான்னு நம்ம எழுத்து காட்டாது. அதனால சொல்லுக்கு நடுவுல இரட்டிச்சு இருந்தா அழுத்திப் படிங்க, ஒத்தையா இருந்தா மெதுவா படிங்க.

மரம், மரத்தை

தமிழ் தெரியாத ஒருத்தர் "மரம்"ங்கிற சொல்லை மட்டும் கத்துக்கிட்டு வர்றாருன்னு வச்சுக்குவோம். அவருக்கு -ஐ, -உக்கு, -ஓட, -இல் எல்லாம் தெரியும். அவர் "மரமை", "மரமுக்கு"ன்னு தான் சொல்லுவாரு. நாம மரத்தை, மரத்துக்கு, மரத்தோட, மரத்தில்னு சொல்றோம். அவர் பார்வைல இது ஒழுங்கில்லாத சொல். நமக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல, ஏன்னா உருபு ஏற்கிறதுக்குன்னு "மரத்து"ன்னு ஒரு வடிவம் இருக்கு, எல்லா உருபும் அது மேல தான் ஒட்டும்னு நமக்கு உள்ளுக்குள்ள தெரியும்.

கிரேக்கத்தோட மூணாவது கூட்டமும் இப்படித்தான். உடம்புக்கு கிரேக்கத்துல ஸோம. உடம்போடங்கிறதுக்கு ஸோமட்டொஸ். அகராதில முதல்ல நிக்கிற ஸோம-வை வச்சுக்கிட்டு மத்த வடிவங்களைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஸோமட்-ங்கிறதை வச்சா எல்லாமே வந்துடும். உருபு ஒட்டுற அந்தப் பகுதியை அடின்னு சொல்லுவோம்.

அடியை எங்க பார்க்கிறது? உடைமை வடிவத்துல. "-உடைய", "-ஓட"ன்னு பொருள் வர்ற வடிவம் தான் உடைமை வடிவம், மூணாவது கூட்டத்துல அது பெரும்பாலும் -ஒஸ்னு முடியும். அந்த -ஒஸை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது அடி. கிரேக்க அகராதிங்க எல்லாம் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்துல உடைமை வடிவத்தையும் போடுறதுக்குக் காரணம் இது தான்.

இதுக்கு சாட்சி வேணும்னா ஒரு பெரிய ஆஸ்பத்திரி போர்டைப் பாருங்க. தோலுக்கு கிரேக்கத்துல டெர்ம, ஆனா போர்டுல இருக்கிறது டெர்மட்டாலஜி, அந்த "மட்" உடைமை வடிவமான டெர்மட்டொஸ்ல இருந்து வருது. ரத்தம் ஹைம, ஹைமட்டொஸ், அதுல இருந்து ஹீமட்டாலஜி. குழந்தை பைஸ், பைடொஸ், அதுல இருந்து பீடியாட்ரிக்ஸ். பல் ஒடூஸ், ஒடொன்ட்டொஸ், அதுல இருந்து ஆர்த்தோடான்டிக்ஸ். பெண் குனே, குனைக்கொஸ், அதுல இருந்து கைனகாலஜி. இப்படிச் சொல்லை உருவாக்கினவங்க எல்லாரும் எழுவாய் வடிவத்தை விட்டுட்டு அடியைத் தான் எடுத்திருக்காங்க. நமக்கே தெரியாம மூணாவது டிக்ளென்ஷனோட அடிகள் கொஞ்சம் ஏற்கனவே நம்ம வாய்ல இருக்கு.

ஒரே ஒரு செட் உருபு

காவலாளிக்கு கிரேக்கத்துல ஃபுலக்ஸ், அடி ஃபுலக்-. இதை வரிசையா சொல்லிப் பாருங்க. எழுவாய் ஃபுலக்ஸ், உடைமை ஃபுலக்கொஸ், -க்கு வடிவம் ஃபுலக்கி, -ஐ வடிவம் ஃபுலக்க. பன்மைல எழுவாய் ஃபுலக்கெஸ், உடைமை ஃபுலக்கோன், -க்கு வடிவம் ஃபுலக்ஸி, -ஐ வடிவம் ஃபுலக்கஸ். இது போக கூப்பிடுறதுக்கு விளி வடிவம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பொருளை மட்டும் குறிக்கிற இருமைன்னும் ஒண்ணு இருக்கு, ஆரம்பத்துல அது வேண்டாம்.

ஆக உருபுகள்: ஒருமைல -ஸ், -ஒஸ், -இ, -அ. பன்மைல -எஸ், -ஓன், -ஸி, -அஸ். அஃறிணை மாதிரி ஒரு பால் கிரேக்கத்துல உண்டு, அதுக்கு எழுவாயும் -ஐ வடிவமும் எப்பவும் ஒண்ணு தான், ஒருமைல அங்க உருபே கிடையாது, பன்மைல -அ. இவ்வளவு தான் மொத்தமும். மூணாவது கூட்டத்துல இருக்கிற ஆயிரக்கணக்கான சொற்களுக்கும் அடிப்படை இது தான்.

-ஐ வடிவத்துல மட்டும் ரெண்டு முகம் இருக்கும், சில சொல்லுக்கு -அ, சில சொல்லுக்கு -ன். ரெண்டும் ஒரே உருபு தான். ரொம்பப் பழைய காலத்துல அது -ம். லத்தீன்ல இன்னும் அப்படியே இருக்கு, காலைங்கிறதுக்கு பெடெம். கிரேக்கத்துல சொல் கடைசில ம் நிக்காது, அதனால உயிருக்குப் பின்னாடி வந்த ம் ன்-ஆ மாறிடுச்சு, மெய்க்குப் பின்னாடி வந்த ம் தனியா உச்சரிக்க முடியாம அ-வா மாறிடுச்சு. அதனால நகரத்தை பொலின், காலை பொட. பார்க்க சம்பந்தமே இல்லாத ரெண்டு உருபு, பிறப்பு ஒண்ணு.

இதுவரைக்கும் பார்த்தது: அடி உடைமை வடிவத்துல தெரியும், உருபு செட் ஒண்ணே ஒண்ணு, எழுவாய் வடிவம் தான் பெரும்பாலும் நம்மளை ஏமாத்துது. அது எப்படி ஏமாத்துதுன்னு இனி பார்ப்போம்.

-ஸ் வந்து மோதும்போது

அடி மெய்ல முடியுது, உருபு -ஸ்னு ஆரம்பிக்குது. ரெண்டு மெய்யும் மோதுற இடம் எழுவாய் ஒருமை, அப்புறம் பன்மைல -ஸி வர்ற இடம். அதனால தான் ஃபுலக்ஸ் ஃபுலக்ஸி ரெண்டுல மட்டும் க்ஸ் இருக்கு, நடுவுல இருக்கிற மத்த எல்லாத்துலயும் வெறும் க்.

மோதும்போது மூணு விதமா நடக்கும். தொண்டைப் பக்கம் பிறக்கிற மெய்கள் எதுவா இருந்தாலும் ஸ்-ஓட சேர்ந்தா க்ஸ் ஆகும். உதட்டுல பிறக்கிற மெய்கள் ப்ஸ் ஆகும், ரத்தக் குழாய்க்கு ஃப்லெப்ஸ், உடைமைல ஃப்லெபொஸ். பல்லுப் பக்கம் பிறக்கிற மெய்கள், அதாவது ட், த் வகை, ஸ்-க்கு முன்னாடி காணாமலே போயிடும். நம்பிக்கைக்கு எல்ப்பிஸ், உடைமைல எல்ப்பிடொஸ். அடி எல்ப்பிட்-, அது கூட -ஸ் சேர்ந்தா ட் விழுந்துடும், எல்ப்பிஸ் மிச்சம்.

இரவுக்கு நுக்ஸ், நுக்டொஸ். அடி நுக்ட்-. ஸ் வந்ததும் ட் விழுந்துடும், மிச்சம் இருக்கிற க் ஸ்-ஓட சேர்ந்து க்ஸ். ஒரே சொல்லுல ரெண்டு விதியும் வேலை செய்யுது, அவ்வளவு தான்.

பல் ஏன் ஒடூஸ்? அடி ஒடொன்ட்-. ஸ் வந்ததும் ன்ட் ரெண்டுமே விழுந்துடுச்சு, விழுந்ததுக்கு ஈடா முன்னாடி இருந்த குறில் நெடிலாகி ஊ ஆயிடுச்சு. மெய் போச்சுன்னா உயிர் நீளும், இது கிரேக்கத்துல அடிக்கடி நடக்கிற ஒண்ணு, ஞாபகம் வச்சுக்கிட்டா பல இடத்துல உதவும்.

கடைசில எந்த மெய் நிக்கலாம்?

தமிழ்ல க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லுக்குக் கடைசில வராதுன்னு நமக்கு இலக்கணம் இருக்கு. கிரேக்கம் இன்னும் கண்டிப்பு, அங்க ன், ர், ஸ் மூணு மட்டும் தான் கடைசில நிக்கலாம், க்ஸ் ப்ஸ் ரெண்டையும் ஸ் கணக்குல சேர்த்துக்கலாம். வேற எது நின்னாலும் விழுந்துடும்.

பால் இதுக்கு நல்ல உதாரணம். அடி கலக்ட்-, உடைமை கலக்டொஸ், கேலக்ஸிங்கிற பேரே இந்தச் சொல்லுல இருந்து வந்தது தான். எழுவாய்க்கு உருபு இல்ல, அதனால அடி தனியா நிக்கணும், ட் நிக்க முடியாது விழுந்துச்சு, அடுத்து க் நிக்க முடியாது அதுவும் விழுந்துச்சு, மிச்சம் கல. ஸோமட்- ஸோம ஆனதும் இதே மாதிரி தான். மரம் கதைல இருந்து இது வேறுபடுற இடம் இங்க தான்: தமிழ்ல உருபு வரும்போது அத்து சேருது, கிரேக்கத்துல உருபு வராதப்ப அடியோட வால் அறுந்துடுது.

இன்னொரு வகை இருக்கு, எழுவாய்க்கு -ஸ் சேர்க்காம, கடைசி உயிரை நெடிலாக்குறது. பேச்சாளருக்கு ரேட்டோர், உடைமை ரேட்டொரொஸ். தெய்வ சக்திக்கு டைமோன், உடைமை டைமொனொஸ். எழுவாய்ல ஓ, மத்ததுல ஒ. சிங்கம் லெஓன், லெஒன்ட்டொஸ், இங்க உயிரும் நீண்டுச்சு, கடைசி ட்-உம் விழுந்துச்சு.

காணாமப் போன ஸ்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியிற மோதல். இனி வர்றது மறைஞ்சு போன மெய்களோட கதை, உண்மையான குழப்பமே இங்க தான் ஆரம்பிக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இது தான்.

இனம், குலம்ங்கிறதுக்கு கெனொஸ். உடைமை கெனூஸ். -ஒஸ் எங்க போச்சு? அடி கெனெஸ்-, அது கூட -ஒஸ் சேர்ந்தா கெனெஸொஸ். கிரேக்கத்துல ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தையா மாட்டுன பழைய ஸ் தேய்ஞ்சு மறைஞ்சிடும். அதனால கெனெஒஸ். இலியட், ஒடிஸி பாடுன பழைய கவிஞர் ஹோமர்கிட்ட இந்த வடிவம் தான் வருது. அப்புறம் ஏதென்ஸ் பக்கம் பேசுன அட்டிக் கிளைமொழில எ-வும் ஒ-வும் சேர்ந்து ஊ ஆச்சு, கெனூஸ். அந்த ஸ் உண்மையிலேயே இருந்துச்சான்னு கேட்டா, அக்கா தங்கை மொழிங்க சாட்சி சொல்லும், சமஸ்கிருதத்துல ஜனஸ்-னு அடி ஸ்-ஓட அப்படியே இருக்கு, லத்தீன்ல கெனுஸ், உடைமை கெனெரிஸ், அங்க அந்த ஸ் மறையாம ர்-ஆ மாறியிருக்கு.

சோக்ரட்டீஸ் பேரும் இதே வகை. எழுவாய் ஸோக்ரட்டேஸ், உடைமை ஸோக்ரட்டூஸ். பிளேட்டோவோட உரையாடல்கள்ல அவரைக் கூப்பிடும்போதெல்லாம் "ஓ ஸோக்ரட்டெஸ்"னு வரும், குறில் எ. அது எழுத்துப்பிழை இல்ல. விளி வடிவத்துல உருபு எதுவும் சேராம அடி அப்படியே நிக்குது, ஸோக்ரட்டெஸ்- தான் அடி.

காணாமப் போன வ்

ஸ் மாதிரியே வ் ஒலியும் அட்டிக்ல மறைஞ்சு போச்சு. அது ஒரு காலத்துல இருந்ததுக்கு கல்லு மாதிரி ஆதாரம் இருக்கு. 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி-ங்கிற எழுத்தைப் படிச்சுக் காட்டுனப்ப அது ஹோமருக்கும் பல நூற்றாண்டு முந்தின கிரேக்கம்னு தெரிஞ்சது, அதுல வ வரிசைக்கு தனி எழுத்துங்களே இருந்துச்சு. ஹோமர்ல தலைவனுக்கு அனக்ஸ், உடைமை அனக்டொஸ், லீனியர் பி எழுதியிருக்கிற களிமண் பலகைங்கள்ல அதே சொல் வ-னு ஆரம்பிக்குது.

ராஜாவுக்கு பஸிலெஉஸ். உடைமை ஹோமர்ல பஸிலேஒஸ், அட்டிக்ல பஸிலெஓஸ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஏஒ இருந்த இடத்துல எஓ. நெடில் குறில் இருந்தது குறில் நெடிலா மாறியிருக்கு, நீளம் மட்டும் இடம் மாத்திக்கிச்சு, வேற எதுவும் மாறல. பழைய அடி பஸிலேவ்-, உருபு வழக்கமான -ஒஸ், நடுவுல இருந்த வ் மறைஞ்சதும் ஏ-வும் ஒ-வும் நேருக்கு நேர் வந்துடுச்சு, அப்புறம் நீளம் மாறுச்சு. -ஐ வடிவமும் அப்படியே, பஸிலேஅ இருந்தது பஸிலெஆ ஆச்சு. -ஓஸ்ங்கிறதை தனி உருபுன்னு மனப்பாடம் பண்றவங்க இந்த ஒரு மாற்றத்தைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

நகரம் பொலிஸ், உடைமை பொலெஓஸ், அதுவும் பழைய பொலேஒஸ்ல இருந்து வந்தது, அதுவும் ஹோமர்ல இருக்கு. இதுக்கு அழகான ஒரு ஆதாரம் சொல்லின் அழுத்தத்துல ஒளிஞ்சிருக்கு. கிரேக்கத்துல கடைசி அசை நெடிலா இருந்தா அழுத்தம் கடைசில இருந்து மூணாவது அசைக்குப் போக முடியாது. பொலெஓஸ்ல கடைசி நெடில், ஆனா அழுத்தம் முதல் "பொ" மேலயே இருக்கு, விதியை மீறி. ஏன்னா அழுத்தம் விழுந்தப்ப அந்தச் சொல் பொலேஒஸ், கடைசி குறில், எந்த மீறலும் இல்ல. நீளம் மாறுன பிறகும் அழுத்தம் பழைய இடத்துலயே நின்னுடுச்சு.

கப்பல் தான் இந்தக் குடும்பத்துல ரொம்பக் கஷ்டமா தெரியிற ஆள். நௌஸ், நெஓஸ், நேஇ, நௌன், பன்மைல நேஎஸ். ஒரு சொல்லுக்கு இத்தனை முகமான்னு தோணும். அடி நாவ்- தான். பின்னாடி மெய் வந்தா வ் உ-வா மாறி நௌ-ன்னு ஆச்சு, அதனால நௌஸ், நௌன். பின்னாடி உயிர் வந்தா வ் மறைஞ்சிடுச்சு. அட்டிக்கும் அதோட உறவான அயோனிக்கும் பழைய ஆ-வை ஏ-ன்னு மாத்துற கிளைமொழிங்க, அதனால நாவி-ங்கிறது நேஇ ஆச்சு, நாவொஸ்ங்கிறது நேஒஸ் ஆகி, நீளம் இடம் மாறி, நெஓஸ் ஆச்சு.

சுருக்கமா: ரெண்டு உயிருக்கு நடுவுல ஸ்-உம் வ்-உம் மறையும், மறைஞ்ச பிறகு பக்கத்துல பக்கத்துல வந்த உயிருங்க ஒண்ணா சேரும், இல்லன்னா நீளத்தை மாத்திக்கும். உருபு மாறலை.

அப்பாவும் ஆம்பளையும்

அப்பா பட்டேர், அப்பாவோட பட்ரொஸ், அப்பாவை பட்டெர, கூப்பிடும்போது பட்டெர். மத்தேயு 6:9ல இயேசு கத்துக்கொடுக்கிற ஜெபம் புதிய ஏற்பாட்டு கிரேக்கத்துல அந்த "பட்டெர்"ல தான் ஆரம்பிக்குது. இங்க அடிக்குள்ளயே உயிர் மூணு அளவுல வருது, ஏ, எ, அப்புறம் ஒண்ணுமே இல்லாதது. ஒரே அடியோட உயிர் இப்படி அளவு மாறுறதை உயிர்ப்படின்னு வச்சுக்குவோம். இது கிரேக்கத்துக்கு முன்னாடி இருந்த மூல மொழில இருந்தே வர்ற ஒண்ணு.

பன்மைல -க்கு வடிவம் பட்ரஸி. அந்த அ எங்க இருந்து வந்தது? அடி பட்ர்-, உருபு -ஸி, நடுவுல மாட்டுன ர் தனியா ஒரு அசையா நின்னுச்சு. சமஸ்கிருதத்துல பித்ருஷுன்னு சொல்லும்போது வர்ற அந்த ரு இதே ஒலி தான். கிரேக்கம் அதை ர-வா மாத்திடுச்சு.

ஆண் அனேர், உடைமை அன்ட்ரொஸ். எல்லாரும் கேக்குற கேள்வி, அந்த ட் எங்க இருந்து குதிச்சது? அடி அன்ர்-. ன்-ல இருந்து ர்-க்குப் போகும்போது நாக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியே மூக்கு வழி மூடிடுச்சுன்னா அந்த ஒரு நொடில மெதுவான ட் ஒலி தானா வந்துடும், வாய்விட்டு வேகமா சொல்லிப் பாருங்க, புரியும். அலெக்ஸாண்டர்ல இருக்கிற டர், ஆண்ட்ராய்டுல இருக்கிற ஆண்ட்ர், பைபிள்ல வர்ற அந்திரேயா, எல்லாத்துலயும் இந்த நடுவுல முளைச்ச மெய் இருக்கு. ஹோமர்ல அது முளைக்காத அனெரெஸ்ங்கிற வடிவமும் உண்டு, அங்க எ நடுவுல நிக்கிறதால ன்-உம் ர்-உம் தொடவே இல்ல.

முடி ஏன் ரெண்டு விதமா ஆரம்பிக்குது?

முடி த்ரிக்ஸ், உடைமை ட்ரிக்ஹொஸ். கடைசி மாறுறது சரி, முதல் எழுத்து ஏன் மாறணும்? இங்க த்-ங்கிறது மூச்சோட சேர்ந்த ட், க்ஹ் மூச்சோட சேர்ந்த க். அடில ரெண்டுமே இருந்துச்சு, த்ரிக்ஹ்-. கிரேக்கத்துல அடுத்தடுத்த அசைல ரெண்டு மூச்சொலி வந்தா முதல் ஒண்ணு மூச்சை இழந்துடும், அதனால ட்ரிக்ஹொஸ். எழுவாய்ல ஸ் மோதுனதால பின்னாடி இருந்தது ஏற்கனவே வெறும் க் ஆயிடுச்சு, அதனால முன்னாடி இருக்கிறது மூச்சை வச்சுக்கிச்சு. இந்த விதியை 1863ல எழுதுனவர் ஹெர்மன் கிராஸ்மன், கணிதத்துல பெரிய பேர் எடுத்த அதே கிராஸ்மன் தான், ரிக் வேதத்தை ஜெர்மன்ல மொழிபெயர்த்தவரும் அவர் தான். சமஸ்கிருதத்துலயும் இதே விதி வேலை செய்யுது. முடி டாக்டர் போர்டுல இருக்கிற ட்ரைக்காலஜி உடைமை வடிவத்தோட அடி.

அப்போ உண்மையிலேயே ஒழுங்கில்லாதது எது?

சிலது இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். கிரேக்கத்துக்குள்ள மட்டும் நின்னு பார்த்தா தண்ணிக்கு விளக்கமே கிடையாது. ஹுடோர், உடைமை ஹுடட்டொஸ். ர் எங்க போச்சு, ட் எங்க இருந்து வந்தது, எந்த ஒலி விதியும் இதுக்கு ஒத்து வராது. பதில் அனடோலியால, அதாவது இன்னைக்குத் துருக்கி இருக்கிற பகுதில கிடைச்சது. 1915ல ஹ்ரோஸ்னிங்கிற செக் நாட்டு அறிஞர் ஹிட்டைட் மொழியைப் படிச்சு அது கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாம் சேர்ந்த இந்தோ ஐரோப்பியக் குடும்பம்னு காட்டுனாரு, அங்க தண்ணிக்கு எழுவாய் வாடர், உடைமைல ர் போய் ன் வரும். மூல மொழில சில பழைய சொற்களுக்கு எழுவாய்ல ர், மத்த வடிவத்துல ன்னு ரெண்டு அடி இருந்திருக்கு. ஆங்கிலம் ர்-ஐ எடுத்துக்கிட்டு வாட்டர்னு சொல்லுது, ஸ்வீடிஷ் ன்-ஐ எடுத்துக்கிட்டு வாட்டன்னு சொல்லுது, கிரேக்கம் ரெண்டையும் வச்சுக்கிச்சு. ஹுடட்டொஸ்ல நடுவுல ஒரு அ இருக்கே, அது தான் அந்தப் பழைய ன், மெய்களுக்கு நடுவுல மாட்டி அ-வா மாறுனது. பின்னாடி இருக்கிற ட் மட்டும் கிரேக்கம் தானா சேர்த்துக்கிட்டது.

அந்த ட் பேருக்கான சொல்லுலயும் இருக்கு, ஒனொம, ஒனொமட்டொஸ். சமஸ்கிருத நாமத்துலயும் லத்தீன் நோமென்லயும் ன் தான் இருக்கு, ட் கிடையாது. ஆக ஸோமட்-, டெர்மட்-ல இருக்கிற ட் கிரேக்கத்துக்குள்ள அடியோட பகுதி தான், ஆனா வரலாறுல அது பின்னாடி வந்து சேர்ந்தது. கல்லீரலும் தண்ணி மாதிரியே தான், ஹேப்பர், ஹேப்பட்டொஸ், ஹெபடைட்டிஸ் அதுல இருந்து தான், ஆயுர்வேதத்துல யக்ருத்னு சொல்றாங்களே அந்தச் சொல்லும் இதோட உறவு, அதோட உடைமை வடிவத்துலயும் ர் போய் ன் வரும்.

பெண் குனே, பார்க்க முதல் டிக்ளென்ஷன் மாதிரியே இருக்கும், ஆனா மத்த எல்லா வடிவமும் குனைக்-ங்கிற அடில. விளி குனை, அங்க க் கடைசில நிக்க முடியாம விழுந்திருக்கு. எழுவாயைத் தனியா தான் ஞாபகம் வச்சுக்கணும்.

ஜீயஸ், கிரேக்கத்துல ஸெஉஸ், உடைமை டிஒஸ், -ஐ வடிவம் டிஅ. ஒரே எழுத்து கூட ஒத்துப்போகலையேன்னு தோணும். பழைய அடி ட்யெவ்-, இதோட உயிர் விழுந்த வடிவம் டிவ்-. முன்னாடி இருந்த ட்ய் சேர்ந்து ஸ் மாதிரி ஒலியா மாறுச்சு, டிவொஸ்ல வ் மறைஞ்சு டிஒஸ் ஆச்சு. லீனியர் பி-ல "ஜீயஸுக்கு"ங்கிறது டி-வெ-ன்னு வ்-ஓட எழுதியிருக்கு. வேதத்துல வானத்துக்கு த்யௌஸ், அதுக்கு -க்கு வடிவம் திவே. ரெண்டும் ஒரே சொல்.

விதி இல்லாம பக்கத்துச் சொல்லைப் பார்த்து மாறுனதும் கொஞ்சம் உண்டு. அருளுக்கு க்ஹரிஸ், உடைமை க்ஹரிட்டொஸ், -ஐ வடிவம் க்ஹரிட்ட-ன்னு வரணும், ஆனா வழக்கமா வர்றது க்ஹரின். எழுவாய் பொலிஸ் மாதிரியே ஒலிக்குது, அழுத்தமும் அதே மாதிரி முன்னாடி விழுது, அதனால பொலின் மாதிரியே க்ஹரின். எல்ப்பிஸ்ல அழுத்தம் கடைசில, அதனால அது ஏமாறாம எல்ப்பிட-ன்னே நின்னுச்சு. சோக்ரட்டீஸை ஸோக்ரட்டே-ன்னும் சொல்லியிருக்காங்க, முதல் கூட்டத்துப் பேர்களைப் பார்த்து ஸோக்ரட்டேன்-னு கடைசில ன் சேர்த்தும் சொல்லியிருக்காங்க. பொலிஸோட பன்மை -க்கு வடிவம் பொலெஸி, அதுல ரெண்டு உயிருக்கு நடுவுல ஸ் ஏன் மறையலன்னு யாருக்காவது சந்தேகம் வந்திருந்தா அதுக்கும் இது தான் பதில், ஃபுலக்ஸி மாதிரி சொற்கள்ல ஸ் பத்திரமா இருந்ததால அதைப் பார்த்து இங்கயும் திரும்ப வச்சுக்கிட்டாங்க.

படிக்கும்போது என்ன பண்ணலாம்?

புதுச் சொல் கத்துக்கும்போது எழுவாயை மட்டும் ஒருநாளும் கத்துக்காதீங்க. நுக்ஸ் நுக்டொஸ், கல கலக்டொஸ், அனேர் அன்ட்ரொஸ்னு ஜோடியாவே வாய்ல வரணும்.

வாசிக்கும்போது பிரச்சனை தலைகீழா வரும், கைல இருக்கிறது உருபு சேர்ந்த வடிவம், அகராதில தேட வேண்டியது எழுவாய். உதாரணத்துக்கு ஒரு வரில லெஊஸின்னு வருது. கடைசில -ஸி, அப்போ பன்மை -க்கு வடிவம். அதுக்கு முன்னாடி ஊ, இந்த ஊ பெரும்பாலும் ஒன்ட் விழுந்ததால வந்த நீளம். அப்போ அடி லெஒன்ட்-. எழுவாய்ல ட் விழும், உயிர் நீளும், லெஓன். சிங்கங்களுக்கு. இதே மாதிரி பைஸி-ன்னு வந்தா முன்னாடி ஏதோ ஒரு பல்லொலி விழுந்திருக்கலாம்னு சந்தேகப்படணும், ட் போட்டுப் பார்த்தா பைட்-, அகராதில பைஸ், பைடொஸ், குழந்தைகளுக்கு.